கழிக்கத் தெரிந்த பண்ணை

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் பண்ணைகள் இரண்டு வகை. ஒன்று, சந்தைக்குக் கன்று அனுப்பும் சாதாரணப் பண்ணை. கன்று பால்குடி மறந்ததும் எடை போட்டு விற்றுவிட்டால் அத்தோடு கணக்கு முடிந்தது. மற்றொன்று, அந்தச் சாதாரணப் பண்ணைகளுக்குப் பொலிகாளை விற்கும் தூய இனப் பண்ணை. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த இரண்டாம் வகையில் ஏராளமானவை அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கட்டிக்காப்பவை. அவர்களிடம் காளை வாங்குபவர் அதன் எடைக்குக் காசு கொடுப்பதில்லை. நாலைந்து ஆண்டுகளில் அந்தக் காளைக்குப் பிறக்கப்போகும் நூற்றுச் சொச்சம் கன்றுகள் எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும் என்ற உறுதிக்குத்தான் கொடுக்கிறார். அந்த உறுதி வம்சாவளிச் சான்றிதழிலிருந்து வருகிறது என்று வெளியாள் நினைப்பார். கண்காட்சிப் பதக்கத்திலிருந்து வருகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் கடந்த 200 ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் சான்றிதழும் பதக்கமும் பலமுறை காலை வாரியிருக்கின்றன. மந்தையில் எதை விடாமல் எழுதி வைத்தார்கள், எதைக் கூசாமல் கழித்தார்கள் என்பதில்தான் தரம் உருவாகியிருக்கிறது. தூய இன மாடு வளர்ப்பு என்பது பெரும்பாலும் கழிக்கும் தொழில் என்பதே என் வாதம்.

முதலில் சான்றிதழைப் பார்ப்போம். 1822-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கான பதிவேட்டை வெளியிட்டார். ஹெர்ஃபோர்டு இனத்துக்கு 1846-இலும், இன்று ஆங்கஸ் என்று உலகம் அழைக்கும் ஸ்காட்லாந்தின் கொம்பில்லாக் கறுப்பு மாட்டுக்கு 1862-இலும் பதிவேடுகள் வந்தன. அந்தக் காலத்துக்கு இவை பெரிய காரியம். எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்பதில் விற்பவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதிருந்த தொழிலில், அச்சடித்த ஆதாரம் கிடைத்தது. ஆனால் பதிவேடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்னாருக்கு இன்னார் பிறந்தார். பதிவான இரண்டு மாடுகளுக்குப் பிறந்தது நொண்டியானாலும் நோஞ்சானானாலும் பதிவேட்டில் அதற்கும் ஓர் இடம் உண்டு. இந்தச் சின்ன உண்மையை மறந்தவர்கள் பட்ட நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்படி மறந்தவர்களின் உச்சக்கட்டம் 1873-இல், நியூயார்க் மாநிலத்தில் நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் நடந்த ஏலம். தாமஸ் பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் வளர்த்த ஷார்ட்ஹார்ன் மந்தையில் ‘டச்சஸ்’ என்றொரு பசு வம்சம் இருந்தது. பேட்ஸ் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பெயரைச் சொன்னாலே பணக்காரர்கள் பையை அவிழ்த்தார்கள். அன்றைய ஏலத்தில் அந்த வம்சத்துப் பசு ஒன்று 40,600 டாலருக்குப் போனது. அது எவ்வளவு கறி வைக்கும், ஆண்டுக்கொரு கன்று ஈனுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பதில் சங்கடமாக இருந்திருக்கும். நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததால் டச்சஸ் பசுக்கள் சினை பிடிக்கத் திணறின. கன்றுகள் அரிதாகப் பிறந்ததே விலை ஏறவும் ஒரு காரணமாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. வெளி ரத்தம் கலந்தால் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் வாங்கியவர்களும் அதே தவறைத் தொடர்ந்தார்கள். பிறகு சில ஆண்டுகளிலேயே அந்த மோகம் வடிந்துபோனது.

அதே காலத்தில், அதே இனத்தில், அபர்டீன்ஷயரின் சிட்டிட்டன் என்ற இடத்தில் ஏமஸ் க்ரூக்‌ஷாங்க் என்ற குத்தகை விவசாயி தன் சகோதரரோடு சேர்ந்து வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். வடக்கத்திக் குளிரைத் தாங்க வேண்டும், சுமாரான தீவனத்தில் சதை பிடிக்க வேண்டும், உடம்பு திரண்டு தாட்டியமாக இருக்க வேண்டும் என்பதே அவர் தேடியது. 1859-இல் அவர் தொழுவத்தில் பிறந்த ‘சாம்பியன் ஆஃப் இங்கிலாந்து’ என்ற காளை, பெயருக்கேற்ற பரிசு எதையும் கண்காட்சியில் வாங்கவில்லை. கன்றுகளைப் பார்த்தபின் அதை விற்காமல் தன் மந்தைக்கே வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ‘ஸ்காட்ச் ஷார்ட்ஹார்ன்’ என்று அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போன மாடுகளில் பெரும்பகுதி அந்தக் காளையின் வழியில் வந்தவை. நடுவர் காளையைப் பார்த்தார், க்ரூக்‌ஷாங்க் அதன் கன்றுகளைப் பார்த்தார். பொலிகாளையை எடைபோட இன்றைக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆங்கஸ் இனத்தின் தொடக்கமும் இப்படித்தான். ஹியூ வாட்சன் 1808-இல் கெய்லர் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தபோது, தந்தை கொடுத்த சில கறுப்புப் பசுக்களும் ஒரு காளையும் அவர் முதல். பிறகு சந்தையில் கிடேரிகளையும் ஒரு காளையையும் பார்த்து வாங்கினார். அவரிடமிருந்த ‘ஓல்டு ஜாக்’ என்ற காளைக்குத்தான் பதிவேட்டின் முதல் எண். ஆனால் அதைவிட ‘ஓல்டு கிரான்னி’ என்ற பசுவின் கதை முக்கியம். அது 35 வயதுவரை வாழ்ந்து 29 கன்றுகள் ஈன்றதாகச் சொல்லப்படுகிறது. ஒரு பசு அத்தனை காலம் காலும் பல்லும் மடியும் கெடாமல் இருந்து, ஏறக்குறைய ஆண்டுக்கொரு கன்று கொடுத்தது என்றால், அந்த இனத்தின் அடித்தளத்தில் எந்த மாதிரி உடம்பு போய்ச் சேர்ந்தது என்று யோசித்துக்கொள்ளலாம். ஸ்பே ஆற்றங்கரையின் பாலிண்டாலக் பண்ணையில் 1860 வாக்கில் சர் ஜார்ஜ் மேக்ஃபர்சன்-கிரான்ட் தொடங்கிய ஆங்கஸ் மந்தை இன்றும் அதே குடும்பத்தில் இருக்கிறது. 1861-இல் வாங்கிய ‘எரிக்கா’ என்ற ஒரே பசுவின் வழியில் வந்த பெண்மாடுகள்தான் அதன் புகழுக்குக் காரணம். காளைக்குப் பெயர் கிடைக்கிறது, ஆனால் மந்தையைத் தாங்குவது பசு வம்சம் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு தெரிந்தும் கண் ஏமாறும். அதற்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் நடந்ததைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1930-களிலிருந்து அங்கே சின்ன உடம்பு, குட்டைக் கால், சீக்கிரம் கொழுப்பு வைக்கும் மாடு என்பது நாகரிகமாயிற்று. கண்காட்சி நடுவர்கள் குட்டைக்கே பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய காளைக்கே விலை ஏறியது. எல்லாரும் அதைவிடக் குட்டையானதைத் தேடிப் போனார்கள். 1950 வாக்கில் சாம்பியன் காளைகள் பக்கத்தில் நிற்கும் ஆளின் இடுப்பு பெல்ட் உயரத்துக்கு வந்துவிட்டன. அந்தக் காலப் புகைப்படங்களைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். சிரிக்க முடியாத பகுதி, தொழுவங்களில் பிறந்த குள்ளக் கன்றுகள். புடைத்த நெற்றி, குறுகிய முகம், துருத்திய கீழ்த்தாடை, பானை வயிறு. ஒவ்வொரு மூச்சுக்கும் கர்ர்ரென்ற இரைச்சல். பெரும்பாலானவை வளர்வதற்குள் செத்துப்போயின. ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ் இரண்டிலும் இந்தக் கோளாறு பரவியது.

காரணம் ஒடுங்கிய மரபணு ஒன்று. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதுமட்டுமல்ல, ஒரு பிரதி சுமந்த காளைகள் கொஞ்சம் கட்டுக்குட்டாகத் தெரிந்ததால் நடுவர்கள் அவற்றையே தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்றைய ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதினார்கள். பரிசுக் கோப்பையே நோயைப் பரப்பியிருக்கிறது! குள்ளக் கன்று பிறந்ததை வெளியில் சொன்னால் மொத்த மந்தையின் விலையும் விழும் என்பதால் பல பண்ணைகள் வாயைத் திறக்கவில்லை. மரபணுச் சோதனை இல்லாத காலம். ஒரு காளை அந்த மரபணுவைச் சுமக்கவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, குள்ளக் கன்று ஈன்ற பசுக்கள் 16-ஓடு அதைச் சேர்த்து, 16 கன்றும் நல்லபடி பிறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பிறந்தால், காளை மரபணுவைச் சுமந்தும் தப்பித்திருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஒரு குடும்பம் ஒரு காளைக்காக இத்தனை பசுக்களை ஓராண்டு ஒதுக்குவது லேசான செலவல்ல. ஆனாலும் அப்படிச் சோதித்தும், சந்தேகப்பட்ட வம்சங்களை மொத்தமாக விற்றுத் தொலைத்தும்தான் அந்த இனங்கள் மீண்டன.

மீண்டவர்கள் உடனே எதிர்ப்பக்கம் ஓடினார்கள் என்பது வேறு கதை. 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவின் பெரிய இனங்களான ஷரொலே, சிமென்டால் வந்து இறங்கியதும் உயரமே அழகாயிற்று. 1980-களில் காளையைப் பார்க்க நடுவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பெரிய கன்றுகளை ஈன முடியாமல் தலையீற்றுக் கிடேரிகள் தவித்தன. தாய்ப்பசுவுக்குத் தீவனச் செலவு கூடியது. பெல்ஜியத்தின் நீல மாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போய், சதை இரட்டிப்பாகப் புடைக்கும் மரபணுவையே வேண்டுமென்று நிலைப்படுத்திவிட்டார்கள். கசாப்புக் கடைக்காரருக்கு அது லாபம்தான். அந்த இனத்தில் பெரும்பாலான கன்றுகள் அறுவை செய்து எடுக்கப்படுகின்றன. தானாகக் கன்று ஈன முடியாத ஒரு மாட்டினத்தை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, கண்ணை நம்பாதே, காகிதத்தை நம்பாதே என்றால் எதை நம்புவது? நல்ல பண்ணைக்காரரின் சட்டைப் பையில் இருக்கும் ஈற்றுக் குறிப்பேட்டை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பால் கறையும் சாணிக்கறையும் படிந்திருக்கும். கன்று பிறந்த ஒரு நாளுக்குள் தாயின் எண், தேதி, ஆணா பெண்ணா, பிறந்த எடை, ஈற்று எப்படி என்பது அதில் ஏறிவிட வேண்டும். ஈற்றுக்கு எண் கொடுப்பார்கள்: தானாக ஈன்றால் 1, லேசாகக் கைகொடுத்தால் 2, கயிறு கட்டி இழுத்தால் 3, அறுவை செய்தால் 4. மார்ச் மாதக் குளிரில் நள்ளிரவில் பென்சில் பிடித்து எழுதிய அந்த ஒற்றை எண், அடுத்த தலைமுறையில் கிடேரிக்கு எந்தக் காளை பாதுகாப்பு என்று சொல்லும். பிறகு கன்றின் காதுக்குள் பச்சை குத்துகிறார்கள், ஏழு மாத வாக்கில் பால்குடி மறக்கடித்து எடை பார்க்கிறார்கள், ஒரு வயதில் மறுபடி எடை. எழுத்து வேலையில் ஒரு நாள் சோம்பல்பட்டால் அந்தக் கன்றைப் பற்றிய கணக்கு ஓட்டையாகிவிடும்.

எடை பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பால்குடி மறக்கும் நாளில் ஒரு கன்று 262 கிலோ, பக்கத்துக் கன்று 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். யாரும் முதல் கன்றைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் முதல் கன்றுக்கு வயது 225 நாள், பிறந்தபோது 38 கிலோ. இரண்டாவதற்கு வயது 190 நாள்தான், பிறந்தபோது 36 கிலோ. இரண்டையும் 205 நாள் வயதுக்குச் சமப்படுத்திக் கணக்கிட்டால் முதல் கன்று 242 கிலோ, இரண்டாவது 256 கிலோ. நோட்டில் பிறந்த தேதி இல்லாவிட்டால் தவறான கன்று பொலிகாளை ஆகியிருக்கும். இதற்கு மேல் தாயின் வயதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தலையீற்றுப் பசுவுக்குப் பால் குறைவு. அதன் கன்றுக்குச் சலுகை எடை சேர்த்துத்தான் ஒப்பிடுவார்கள். ஒரே மேய்ச்சல், ஒரே தீவனம், ஒரே பருவத்தில் பிறந்தவற்றை மட்டுமே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். தனியாகத் தீவனம் வைத்து ஊட்டி வளர்த்த கன்றை வயலில் மேய்ந்த கன்றோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

வளர்ச்சி மரபு வழியாக நன்றாகவே இறங்கும். எடையில் மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து 40 விழுக்காடுவரை மரபால் வருவது. சினை பிடிக்கும் திறனில் அது 10 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். மீதியெல்லாம் தீவனமும் பருவமும் பராமரிப்பும். அப்படியானால் சினைக்காக மாட்டைக் கழித்துப் பயனில்லையே என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. கணக்கு சரி, முடிவு தவறு. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால், ஈன்று மீண்டு மறுபடி சினை பிடிக்க அதற்குக் கிடைப்பது 82 நாள்தான். இதில் தவறும் பசு அந்த ஆண்டு முழுக்கத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கிறது. மரபு முன்னேற்றம் மெதுவாக வந்தாலும், செலவை அது உடனே குறைக்கிறது. அதனால் கறாரான பண்ணையில் காளையை 60 நாள் போல மந்தையில் விட்டுப் பிரித்துவிடுவார்கள். இலையுதிர்காலத்தில் மருத்துவர் வந்து சோதிக்கையில் சினை இல்லாத பசு லாரி ஏறிவிடும். எவ்வளவு அழகானாலும், எந்த வம்சமானாலும்.

எண்ணில் அடங்காத சங்கதிகளும் உண்டு. மடி தொங்கிக் காம்பு புட்டி போலப் பருத்திருந்தால் பிறந்த கன்றுக்கு வாய் எட்டாது. குளம்பு கோணலாக வளர்ந்தால் மேடு பள்ளத்தில் மேய முடியாது. ஆளைக் கண்டால் பாயும் மாடு, பிள்ளைகளும் கிழவர்களும் வேலை செய்யும் குடும்பப் பண்ணைக்கு ஆகாது. ஓராண்டுக் காளைக்கன்றின் விரைப்பையைச் சுற்றி நாடா வைத்து அளப்பார்கள்; 15 மாதத்துக்குள் 30 செ.மீ.க்குக் குறைந்தால் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் தேர்ச்சி கொடுப்பதில்லை. இந்த அளவு பெரிதாக உள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருவதும் தெரிந்திருக்கிறது. காளைச் சந்தையில் சுழியும் கொம்பும் பார்த்த நம் பெரியவர்கள் காலும் குளம்பும் பார்க்கத் தவறியதில்லை. சுழியை விட்டுவிடலாம், குளம்பை விட முடியாது.

உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் வருகிறது. 100 பசுக்கள் உள்ள பண்ணையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 45 காளைக்கன்றுகள் தேறும். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கலாம். சான்றிதழோடு பொலிகாளையாக விற்றால், கறிக்குப் போகும் மாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. அதில் பாதியைக் காயடித்துக் கறிக்கு அனுப்புவது என்பது கையில் வந்த காசைத் திருப்பிக் கொடுப்பது. அந்தப் பாதி தாழ்ந்தது என்று பண்ணைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. வாங்குபவருக்குத் தெரியவரும்போது இரண்டு ஆண்டு கழிந்திருக்கும். வங்கிக் கடன் தவணை நெருங்கும் ஆண்டில் இந்தக் கத்தியைக் கையிலெடுப்பவர் எத்தனை பேர்? ஒரு பண்ணையின் தரத்தை ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், போன ஆண்டு எத்தனை காளைக்கன்றுகளைக் காயடித்தீர்கள் என்று கேட்டால் போதும்.

இவையெல்லாம் பழைய காலத்துப் பேச்சு, இன்று கணினி சொல்லிவிடுமே என்பது முதல் மறுப்பு. கனமான மறுப்புதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹென்டர்சன் வகுத்த புள்ளியியல் முறையால், ஒரு மாட்டின் உறவினர் அனைவரின் பதிவுகளையும் ஒன்றாகக் கோத்து, தீவனத்தின் பங்கையும் மரபின் பங்கையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆஸ்திரேலியா 1985-இல் தொடங்கிய ‘பிரீட்பிளான்’ கணக்கும் அமெரிக்க இனச் சங்கங்கள் வெளியிடும் மதிப்பீடுகளும் இந்த அடிப்படையில் வந்தவை. இப்போது கன்றின் முடியையோ ரத்தத்தையோ ஆய்வகத்துக்கு அனுப்பி, அது வளர்வதற்கு முன்பே ஒரு மதிப்பீடு வாங்கிவிடலாம். ஆனால் அந்த எண்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சட்டைப் பைக் குறிப்பேடுகளிலிருந்துதான் வருகின்றன. நல்ல கன்றுகளின் எடையை மட்டும் அனுப்பி, சோப்ளாங்கிகளை மறைக்கும் பண்ணை தன் காளைக்கும் கேடு செய்கிறது, மற்றவர் காளைக்கும் கேடு செய்கிறது. சில சங்கங்கள் மந்தையிலுள்ள ஒவ்வொரு பசுவுக்கும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் சொல்வது இதனால்தான்.

எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2008 இலையுதிர்காலத்தில் அமெரிக்க ஆங்கஸ் பண்ணைகளில் முதுகெலும்பு வளைந்து, கால் மூட்டுகள் விறைத்து, செத்துப் பிறக்கும் கன்றுகள் கவனத்துக்கு வந்தன. மறுபடியும் ஓர் ஒடுங்கிய மரபணு. மதிப்பீட்டு எண்கள் சிறந்திருந்ததால் சினை ஊசி வழியாக நாடு முழுக்கப் பரவிய ஒரு காளையின் வம்சம் அது. குள்ளக் கன்று காலத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தடித்த வேலை இந்தமுறை சில மாதங்களில் முடிந்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பீவர் மரபணுச் சோதனையை உருவாக்கினார். அந்த மரபணுவைச் சுமக்கும் மாடுகளின் பட்டியலை ஆங்கஸ் சங்கம் வெளியிட்டது. தொழில்நுட்பம் கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு முதலில் யாரோ ஒரு பண்ணைக்காரர் செத்த கன்றைப் புதைக்காமல் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது மறுப்பு: உறவுக்குள் சேர்ப்பதுதான் இத்தனை வினைக்கும் காரணம் என்றால், தூய இனம் என்பதையே ஏன் கட்டி அழ வேண்டும்? கலப்பினக் கன்று கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. கலப்பினத் தாய் வைத்தால், காளைக்கு விட்ட பசு ஒன்றுக்கு, பால்குடி மறக்கும் கன்றின் எடை சுமார் 20 விழுக்காடு கூடும் என்பது பல ஆண்டு ஆராய்ச்சியில் தெளிவான விஷயம். உண்மை. சந்தைக்குக் கன்று அனுப்பும் பண்ணை கலப்பினத்தையே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் அந்த ஆதாயம் கிடைப்பதே இரண்டு பக்கமும் வெவ்வேறு தூய வம்சங்கள் இருப்பதால்தான். எல்லாரும் கலந்துகொண்டே போனால் நாலைந்து தலைமுறையில் கலக்க எதுவும் மிஞ்சாது. கன்றுகள் ஆளுக்கொரு விதமாகப் பிறக்கும். உறவுக்குள் சேர்ப்பதும் தன்னளவில் நஞ்சல்ல. மொன்டானாவில் மைல்ஸ் சிட்டியிலுள்ள ஃபோர்ட் கியோ அரசு ஆய்வு நிலையத்தில் 1934-இல் தொடங்கிய ‘லைன் 1’ ஹெர்ஃபோர்டு மந்தை, ஒரே தந்தைக்குப் பிறந்த இரண்டு காளைகளை அடிப்படையாகக் கொண்டது. வெளி ரத்தம் சேர்க்காமலே இன்றுவரை தொடர்கிறது. அங்கே கழித்தது வளர்ச்சிக் கணக்கைப் பார்த்து. டச்சஸ் பசுக்களைக் காப்பாற்றியது பெயரைப் பார்த்து. 2009-இல் உலகில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பு படித்து வெளியிடப்பட்ட மாடு, அந்த ‘லைன் 1’ மந்தையின் டோமினெட் என்ற பசு.

40 பசு வைத்திருக்கும் குடும்பம் பெரிய நிறுவனங்களோடு எப்படிப் போட்டி போடும் என்பார்கள். காளை விஷயத்தில் போட்டி போட வேண்டியதே இல்லை. உலகின் சிறந்த காளையின் விந்து உறையவைத்த குழலில் தபாலில் வருகிறது. விலைக்குக் கிடைக்காதது பசு வம்சம். இந்தப் பசுவின் பாட்டிக்கு எந்த ஆண்டு வறட்சியில் சினை தப்பியது, அதன் மகள்களுக்கு எத்தனை வயதில் மடி இறங்கியது என்பது சின்னப் பண்ணையில் ஒருவர் நினைவிலும் நோட்டிலும் இருக்கும். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சின்ன மந்தையில் தவறான காளை ஒன்று நுழைந்தால் அதன் மகள்கள் மொத்த மந்தையையும் நிரப்பிவிடும். பெரிய பண்ணைபோல அதைத் தாங்கிக்கொள்ள இடமில்லை. அதனால் புகழ்பெற்ற புதுக் காளையானாலும் முதலாண்டு நாலைந்து பசுவுக்கு மட்டும் போட்டுப் பார்ப்பதே குடும்பப் பண்ணைக்கு நல்லது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதையும் அல்ல. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி இன்று ‘நெலோரே’. பெயர் நெல்லூரிலிருந்து போனது, மாடு ஒங்கோல். 1960-களின் தொடக்கத்தில் ஆந்திரத்திலிருந்து கப்பலேறிய ‘கார்வாடி’ என்ற காளை, தன் ஊர்ப்பெயரோடு அங்குள்ள வம்சாவளிகளில் இன்னும் நிற்கிறது. வண்டியும் ஏரும் இழுக்கத் தேர்ந்தெடுத்த இனத்தை அங்கே பதிவும் எடையும் வைத்து இறைச்சிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கேயும் குடும்பம் ஒன்று இனத்தைக் கட்டிக்காத்த மரபு உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் மாட்டைத் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்ததால்தான் அந்த இனம் இந்த உருவில் நிலைத்தது. உழைப்புக்கான மாடா, கறிக்கான மாடா என்பது அந்தந்த ஊரின் தேவை. முறை ஒன்றுதான்.

ஆகவே தூய இனக் காளை வாங்கப் போகிறவர் எந்த நாட்டுக்காரரானாலும் காளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது விற்பனைக்காகவே குளிப்பாட்டிச் சீவி நிறுத்திய மாடு. அதன் தாய் எந்த வயலில் மேய்கிறது என்று கேட்டுப் போய் மடியையும் குளம்பையும் பார்க்கலாம். எத்தனை ஈற்று, நடுவில் எந்த ஆண்டாவது சும்மா நின்றதா என்று நோட்டைக் காட்டச் சொல்லலாம். தாயைக் காட்டவும் நோட்டைத் திறக்கவும் தயங்கும் பண்ணையில் எவ்வளவு பெரிய சான்றிதழ் தொங்கினாலும் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.